இந்தியக் குடியரசு நாணயங்களைச் சேகரிக்கத் தொடங்குவது எப்படி: தேர்வு முதல் பாதுகாப்பு வரை

புதிதாக நாணயம் சேகரிக்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். கண்ணில் பட்டதை வாங்குவார்கள், வீட்டுக்கு வந்ததும் துலக்குவார்கள், கிடைத்த பிளாஸ்டிக் ஆல்பத்தில் செருகுவார்கள், பல மாதம் கழித்து எதைச் சேகரிப்பது என்று யோசிப்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் எல்லை, பிறகு கருவி, பிறகு உறை, அதன்பின் நாணயம். தவறாக வாங்கிய காசை விற்றுவிடலாம். துலக்கிக் கீறிய காசை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

1950-க்குப் பின் வந்த குடியரசு நாணயங்களையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். சோழர் காசும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசும் ஆசையைத் தூண்டும்தான். ஆனால் அவற்றில் போலி அதிகம், சட்டமும் வேறு. குடியரசு நாணயங்களில் கண் பழகிய பிறகு அங்கே போனால் ஏமாறுவது குறையும்.

1. எல்லையை எழுதி வையுங்கள்

"எல்லா இந்திய நாணயமும்" என்பது எல்லை ஆகாது. எப்போது முடியும் என்று தெரியாத சேகரிப்பு சீக்கிரமே ஒரு டப்பா சில்லறையாகிவிடும். ஒரே வரியில் சொல்லக்கூடிய எல்லையாக வையுங்கள். அதில் என்னென்ன காசு வரும் என்று வாங்கும் முன்பே பட்டியல் போட முடிய வேண்டும்.

தொடங்குபவருக்கு மூன்று வழிகள் நன்றாக அமைகின்றன. முதலாவது வகைத் தொகுப்பு: ஒவ்வொரு மதிப்பிலும் வடிவமும் உலோகமும் மாறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு காசு. இரண்டாவது ஆண்டும் நாணயச்சாலையும் சேர்ந்த தொகுப்பு: ஒரே மதிப்பை எடுத்துக்கொண்டு எந்த ஆண்டு எந்தச் சாலை அடித்தது என்று நிரப்புவது. மூன்றாவது நினைவு நாணயங்களில் ஒரு கருப்பொருள்.

மூன்றாவதில் நான் அடிக்கடி பரிந்துரைப்பது தமிழகம் தொடர்பான நினைவு நாணயங்கள். 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கான திருவள்ளுவர் உருவ நாணயம், காமராஜர் நூற்றாண்டு, 2009-இல் அண்ணா நூற்றாண்டு, 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு என்று சிறிய, அழகான பட்டியல் அது. அண்ணா நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. இவை புழக்கத்துக்கு வந்த காசுகள் என்பதால் எட்டாக் கனி அல்ல.

முதல் ஆண்டில் ஒரே ஓர் எல்லை போதும். இரண்டு எடுத்தால் இரண்டும் பாதியில் நிற்கும்.

2. முதல் காசுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு, காசின் விட்டம் அளக்க வெர்னியர் காலிப்பர், ஒரு காந்தம், வெள்ளை வெளிச்சம் தரும் மேசை விளக்கு, மேசையில் விரிக்க மெத்தென்ற துணி. இவற்றோடு அட்டைக் காயின் ஹோல்டர்களையும் அவை நிற்கும் பெட்டியையும் இப்போதே வாங்கிவிடுங்கள்.

உறையை முன்கூட்டியே வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உறை இல்லாத வீட்டுக்குள் காசு வந்தால், அது முதல் இரண்டு வாரத்தைப் பர்ஸிலோ பழைய டப்பாவிலோ மற்ற காசுகளோடு உரசிக்கொண்டே கழிக்கும். நல்ல காசு தரம் இறங்குவது பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்தில்தான்.

காலிப்பரின் இரும்புத் தாடை காசைக் கீறும். அழுத்தாமல், விளிம்பு தொட்டதும் நிறுத்துங்கள்.

3. சில்லறையிலிருந்து தொடங்குங்கள்

முதல் மாதம் எதையும் விலைக்கு வாங்காதீர்கள். கைக்கு வரும் 1, 2, 5, 10, 20 ரூபாய்க் காசுகளைப் பாருங்கள். வங்கியில் நோட்டைக் கொடுத்துச் சில்லறைப் பை கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாததைச் செலவழித்துவிடலாம். கண் பழக இதைவிட மலிவான பயிற்சி கிடையாது, ஏனென்றால் தவறாகத் தேர்ந்தாலும் முக மதிப்புக்கு மேல் எதுவும் போகாது.

அடுத்து உறவினர் வீட்டுப் பழைய டப்பாக்கள். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்பதால் அவை கடையில் கிடைக்காது. பரணிலும் பூஜை அறை உண்டியலிலும்தான் தூங்கிக்கொண்டிருக்கும். சதுர 5 பைசா, அறுகோண 3 பைசா, ஓரம் வளைந்து வளைந்து போகும் 10 பைசா எல்லாம் அங்கே வரும். பெரியவர்களிடம் கேட்டு வாங்கும்போது டப்பாவை அப்படியே கவிழ்க்க வேண்டாம். அலுமினியக் காசுகள் மெத்தென்றவை, விழுந்தாலே பள்ளம் விழும்.

4. ஒரு காசை எந்த வரிசையில் பார்ப்பது

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு காசையும் ஒரே வரிசையில் பார்க்கப் பழகினால், பிறகு எதுவும் தப்பாது.

விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். தலைப் பக்கத்தையோ பூப் பக்கத்தையோ விரல் தொடக் கூடாது. விரலின் வியர்வையில் உப்பும் எண்ணெயும் இருக்கின்றன. செம்பு, வெண்கலக் காசில் அன்று தெரியாத கைரேகை சில மாதத்தில் பழுப்பாக எழும்பி நிற்கும், பிறகு போகாது.

முதலில் ஆண்டு. அடுத்து, பெரும்பாலும் ஆண்டின் கீழேயே இருக்கும் நாணயச்சாலைக் குறி. வைர வடிவம் என்றால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லை என்றால் கொல்கத்தா. ஹைதராபாத்தின் பழைய காசுகள் சிலவற்றில் பிளந்த வைரமோ நடுவில் புள்ளி உள்ள வைரமோ இருக்கும். அவசரத்தில் அதை மும்பை என்று எழுதிவிடுவார்கள். லூப் இல்லாமல் இதைத் தீர்மானிக்க வேண்டாம்.

தேய்ந்த காசிலும் ஏமாறலாம். நொய்டாவின் சிறு புள்ளி தேய்ந்து மறைந்தால் காசு கொல்கத்தா போலத் தோன்றும். நொய்டா சாலை 1988-இல் வந்தது என்பதால் அதற்கு முந்தைய காசுகளில் இந்தச் சந்தேகம் எழாது. பிந்தையவற்றில், ஆண்டின் எண்களே மழுங்கியிருந்தால் "குறி இல்லை" என்று முடிவு கட்டாமல், வேறு நல்ல காசு கிடைக்கும்வரை அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

எல்லாக் காசும் இந்தியாவில் அடிக்கப்பட்டது அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் சிலவற்றில் எச் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது பர்மிங்காமில் ஹீட்டன் சாலையில் அடித்தது.

அடுத்து உலோகம். ஒரு ரூபாயை மட்டும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1962-இல் வந்தது 10 கிராம் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 1975-இல் வந்தது 8 கிராம் குப்ரோநிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்தது), ஒட்டாது. 1983-இல் அதே குப்ரோநிக்கல் 6 கிராமுக்கு இறங்கியது. 1992-இல் வந்தது 4.85 கிராம் துருப்பிடிக்காத எஃகு, மறுபடி ஒட்டும். முக மதிப்பு ஒன்றுதான், எடை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தராசும் காந்தமும் எதற்கு என்று இந்த நான்கு காசும் சொல்லிவிடும். விற்பவர் ஓர் ஆண்டைச் சொல்லி எடை வேறாக இருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

கடைசியாக விளிம்பு. மழமழப்பா, வரிகளா, குப்ரோநிக்கல் 5 ரூபாயில் இருப்பது போல் நடுவில் ஓடும் பள்ளமா என்று பாருங்கள். 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம், வரி கிடையாது. போலி செய்பவர்கள் இரு முகங்களிலும் எடுக்கும் சிரத்தையை விளிம்பில் எடுப்பதில்லை.

5. தரத்தை எப்படி மதிப்பிடுவது

காசின் வடிவமைப்பில் எது உயரமோ அதுதான் முதலில் தேயும். குடியரசு நாணயத்தில் நடுச் சிங்கத்தின் மூக்கையும் பிடரியையும் பாருங்கள். பிடரி மயிர் இழை இழையாகத் தெரிந்தால் நல்ல காசு. முகம் ஒரே மொழுக்கென்று இருந்தால் தேய்ந்தது.

அடுத்து பளபளப்பு. ஒற்றை விளக்கின் கீழே காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத காசில் ஒளிப் பட்டைகள் மையத்தைச் சுற்றி ஓடும். துலக்கிய காசும் மின்னும், ஆனால் அந்தப் பட்டைகள் ஓடாது. எங்கும் ஒரே மாதிரி வெளிச்சம், லூப்பில் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். இந்த வேறுபாட்டைக் கண் பிடித்துவிட்டால் பாதி வித்தை கைக்கு வந்துவிட்டது. புது 10 ரூபாய் ஒன்றை வைத்து வீட்டிலேயே பழகலாம்.

புழங்காதது, மிக நல்லது, நல்லது, சுமார் என்று நான்கு படி போதும். கடைக்காரர்கள் சொல்லும் யுஎன்சி (புழங்காதது), எக்ஸ்எஃப் (மிகக் குறைவாகத் தேய்ந்தது) போன்ற தரப் பெயர்களைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் கண் சொல்வதை எழுதுங்கள். எளிதில் கிடைக்கும் காசில் சுமாரானதை எடுத்து இடத்தை நிரப்ப வேண்டாம். அதே காசு இன்னும் நல்ல நிலையில் அடுத்த மாதம் கிடைக்கும்.

6. பணம் கொடுத்து வாங்கும்போது

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பட்டியலில் இல்லாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்று வாங்காதீர்கள். இரு பக்கமும் விளிம்பும் காட்டாத விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்க வேண்டாம்.

வைஷ்ணோ தேவி உருவம் உள்ள 5 ரூபாய், 10 ரூபாய் கோடிக்குப் போகும் என்ற வீடியோக்களை நம்பிப் பலர் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். 2012-இல் வந்த அந்தக் காசுகள் ஏராளமாகப் புழங்கியவை. தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம் வாங்கவும் விற்கவும் கட்டணமோ கமிஷனோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்பதற்கு முன்பணம் கேட்பவர் வாங்குபவரே அல்ல.

போலியில் தொடங்குபவர் கைக்கு அதிகம் வருவது ராமர், அனுமன், தாமரை உருவத்தோடு 1818 என்று போட்ட "கிழக்கிந்தியக் கம்பெனி" செம்புக் காசு. கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. அது பிற்காலத்தில் பக்தர்களுக்காகவும் சுற்றுலாப் பயணிகளுக்காகவும் செய்த கற்பனை வில்லை. இன்னொன்று 1947 புலி ரூபாய். காசு உண்மையானதுதான், ஆனால் அதை வெள்ளி என்று சொல்லி விற்பார்கள். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள், ஒட்டும். அது நிக்கல்.

"பிழை நாணயம்" என்று வருபவற்றை முதல் ஓராண்டு தொடவே வேண்டாம். 10 ரூபாயின் நடு வில்லையைக் கழற்றித் திருப்பிப் பொருத்துவதும், இரண்டு காசைக் குடைந்து இருபுறமும் தலை வரும்படி ஒட்டுவதும் பட்டறையில் செய்யக்கூடிய வேலை. சாலையில் நேர்ந்த பிழையைப் பட்டறைப் பிழையிலிருந்து பிரிக்க, காசு எப்படி அடிக்கப்படுகிறது என்பது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

புரூஃப் (சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடிப் பளபளப்போடு அடித்த காசு), புழங்காத நாணயத் தொகுப்புகளை அரசின் நாணயச்சாலை நிறுவனமே தன் இணையதளத்தில் விற்கிறது. வாங்கினால் அதன் உறையைப் பிரிக்காதீர்கள்.

சட்டத்தில் இரண்டை மட்டும் மனத்தில் வையுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த காசு உங்களுடையது அல்ல. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டைக் கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "வயலில் கிடைத்தது" என்று சொல்லி யாராவது நீட்டினால் விலகிக்கொள்ளுங்கள்.

7. துலக்காதீர்கள்

புளி, எலுமிச்சை, விபூதி, பல்பசை. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கிப் பழகிய கைக்கு இவை இயல்பாகவே நினைவுக்கு வரும். புளியும் எலுமிச்சையும் அமிலம். காசின் மேல் தோலைக் கரைத்துவிடும். விபூதியிலும் பல்பசையிலும் நுண்துகள். ஆயிரம் கீறல் போடும். துலக்கிய செம்புக் காசு இளஞ்சிவப்பாக, இயல்புக்கு மாறாகத் தெரியும். அனுபவம் உள்ள எவரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்.

பழைய காசின் பழுப்பும் கருமையும் அழுக்கு அல்ல. உலோகம் காற்றோடு சேர்ந்து தானே போட்டுக்கொண்ட மெல்லிய தோல் அது. உள்ளே இருப்பதைப் பெரும்பாலும் அதுவே காக்கிறது.

எதைச் செய்யலாம்? ஒட்டியிருப்பது மண் மட்டுமே என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைக்கலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரினும் உப்பும் உண்டு. எண்ணெய், செல்லோடேப் பசை, பிளாஸ்டிக் உறையின் பச்சைப் பிசுக்கு என்றால் சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி அசிட்டோனுக்கு மாற்று அல்ல. அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னல் திறந்த அறையில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள், ஏனென்றால் அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். சில நிமிடம் கழித்து எடுத்துத் துணிமேல் தானாக உலர விடுங்கள். இரண்டிலும் தேய்ப்பது கிடையாது. ஒற்றலாம், அவ்வளவுதான். முதல் முயற்சியைச் செல்லாத 10 பைசா ஒன்றில் செய்து பாருங்கள்.

8. உறையில் இடுதல்

பிவிசி உறையைத் தவிர்ப்பதுதான் இதில் தலையாயது. மெத்தென்று வளையும், புது ரெயின்கோட் வாடை வீசும் பிளாஸ்டிக் பெரும்பாலும் பிவிசி. அதை வளையச் செய்யக் கலந்த பொருளும், பிவிசி சிதையும்போது வரும் அமிலமும் காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும், நாளடைவில் உலோகத்தையே அரிக்கும். மலிவான பாக்கெட் ஆல்பங்களில் பல இந்த ரகம். மைலார், பாலிப்ரொபிலீன், பாலிஎதிலீன் என்று குறிப்பிட்டு விற்பதை வாங்குங்கள். மைலார் விறைப்பாக, சரசரவென்று ஒலிக்கும்.

தொடங்க ஏற்றது, துளையின்மேல் தெளிந்த மைலார் படலம் ஒட்டிய, இரண்டாக மடியும் இரண்டு அங்குலச் சதுர அட்டை ஹோல்டர். செய்முறை இது:

அ. காசின் விட்டத்தை அளந்து, அதைவிடச் சற்றே பெரிய துளை உள்ள ஹோல்டரை எடுங்கள். துளை சிறியதானால் விளிம்பு அட்டைக்கு அடியில் மறையும், பெரியதானால் காசு நகர்ந்து உரசும்.

ஆ. காசை வைப்பதற்கு முன்பே அட்டையில் பென்சிலால் ஆண்டு, சாலை, எடையை எழுதுங்கள். வைத்த பிறகு எழுதினால் அழுத்தம் படலம் வழியே காசின் முகத்தில் இறங்கும்.

இ. படலத்தில் தூசி இருந்தால் ஊதுகுப்பியால் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி காசில் கரும்புள்ளியாக நிலைத்துவிடும்.

ஈ. மடித்து மூன்று பக்கம் ஸ்டேப்ளர் அடியுங்கள், காசிலிருந்து தள்ளி.

உ. பின்னின் வளைந்த முனைகளைக் குறடால் தட்டையாக்குங்கள். புதியவர்களில் அநேகமாக எல்லோரும் விடுவது இதைத்தான். ஹோல்டர்கள் பெட்டியில் நெருக்கமாக நிற்கும்போது, ஒரு பின்னின் முனை பக்கத்து ஹோல்டரின் படலத்தைக் கிழித்துக் காசைக் கீறும்.

வெளியே எடுக்க நேர்ந்தால் முதலில் மூன்று பின்னையும் கழற்றுங்கள். படலத்தைக் கிழித்துக் காசைத் தள்ளினால் வழியில் பின் இருக்கும்.

புழங்காத காசுக்கும் வெள்ளிக்கும் கடினமான வட்டக் கேப்சூல் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் அது தேவைப்படாது.

9. எங்கே வைப்பது

எதிரி ஈரம். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துவிடும். ஹோல்டர் பெட்டியை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிலிகா ஜெல் பையோடு வைத்து, இரும்பு பீரோவின் நடுத் தட்டில் வையுங்கள். சிலிகா ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். டப்பாவுக்குள் சிறு ஈரப்பதமானியைப் போட்டால் சந்தேகமே இல்லை. 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும்.

மர அலமாரியிலிருந்து அமில ஆவி வரும். ரப்பர் பேண்டிலும் செய்தித்தாளிலும் கந்தகம் இருக்கிறது, வெள்ளி கறுத்துப்போகும். துணிகளுக்கு நடுவே வைப்பவர்கள் பாச்சை உருண்டையைக் கவனியுங்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

அலுமினியப் பைசாவையும் செம்புக் காசையும் ஒரே டப்பாவில் உறையின்றிப் போடாதீர்கள். ஈரம் சேர்ந்தால் இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடி பூக்கும்.

10. பதிவேடு

நோட்டுப் புத்தகமோ கணினி அட்டவணையோ, ஏதாவது ஒன்று. காசு வந்த அன்றே எழுதுங்கள்: வரிசை எண், மதிப்பு, ஆண்டு, சாலை, எடை, தரம், எங்கே எப்போது என்ன விலைக்கு வந்தது. அதே எண் ஹோல்டரிலும் இருக்கட்டும். இரு பக்கமும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு புள்ளி கண்ணில் பட்டால், அது முன்பே இருந்ததா புதிதா என்பதைப் படம்தான் சொல்லும். ஒரே காசை இரண்டு முறை வாங்குவதையும் இந்தப் பதிவேடுதான் தடுக்கும்.

11. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள்

மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை. ஹோல்டரைத் திறக்காமல் விளக்கின் கீழே இரு பக்கமும் பாருங்கள். தேட வேண்டியவை மூன்று: படலத்தில் நீராவி, காசில் பிசுபிசுப்பான பச்சை, செம்பிலோ வெண்கலத்திலோ வெளிர் பச்சைப் பொடி.

நீராவி என்றால் டப்பாவையும் சிலிகா ஜெல்லையும் மாற்றுங்கள். பிசுபிசுப்பு என்றால் உறையை எறிந்துவிட்டு அசிட்டோன். பொடி என்றால் விஷயம் வேறு. அது குளோரைடு உப்பு செம்பை அரிக்கும் நோய். ஈரம் இருக்கும்வரை அது நிற்காது. அப்படிப்பட்ட காசை அன்றே மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில், புது சிலிகா ஜெல்லோடு வையுங்கள். பதிவேட்டில் தேதி போட்டுப் படம் எடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பொடி பெருகியிருந்தால் அந்தக் காசைச் சேகரிப்புக்குத் திருப்பக் கூடாது. பட்டியலில் அதன் இடத்தைக் காலி என்று குறித்து, வேறொன்றைத் தேடத் தொடங்குங்கள்.